ஒரு விளக்கு வீட்டில் மின்சார ஸ்கூட்டர்

அரசாங்கம் அம்சத்துக்கு மின்சார ஸ்கூட்டர் கொடுத்தது. மின்சாரம் கொடுக்க மறந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஸ்கூட்டர் கொடுப்பது ஒரு துறை, மின்சாரம் கொடுப்பது இன்னொரு துறை. இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில்தான் இருக்கின்றன. ஆனாலும் நடுவில் வராந்தா என்று ஒன்று இருக்கிறதே, அதை யார் கடப்பது?

அம்சம் வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுக்கிறவள். நன்னிலத்துக்குத் தெற்கே குருவித்தோப்பில் தொடங்கி ஐந்து ஊர், இருநூற்றுப் பத்து நோயாளிகள். தோளில் மாத்திரைப் பை, கையில் பிரஷர் பார்க்கும் பெட்டி, ஏறிப் போக ஒரு பழைய சைக்கிள். புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியோடு போய்விட்டான். பொங்கலுக்கு வந்தால் உண்டு. வீட்டில் அவளும் அவள் அப்பா இளையபெருமாளும்தான். நாற்பத்தொரு வயதில் சைக்கிள் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோன ஒருத்திக்கு இலவச ஸ்கூட்டர் என்றால் கசக்குமா? பெயர் கொடுத்தாள்.

வழங்கும் விழா பிரமாதமாக நடந்தது. ஐம்பது பேருக்கு வண்டி. பந்தலில் நின்றது ஒரே வண்டி. ஐம்பது பேரும் வரிசையாக அதன்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டடி நீளத் தெர்மாகோல் சாவியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, சாவியை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். திட்ட அலுவலர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, இந்த வண்டிக்குப் பெட்ரோல் வேண்டாம். ஆயில் வேண்டாம். புகை கிடையாது, சத்தம் கிடையாது. சொல்லப்போனால் இந்த வண்டிக்கு எதுவுமே வேண்டாம். ஒருமுறை சார்ஜ் செய்தால் தொண்ணூறு கிலோமீட்டர். எங்கே சார்ஜ் செய்வது என்று சிலர் கேட்கலாம். கேட்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் திட்டமே தீட்டப்பட்டது."

எல்லாரும் கை தட்டினார்கள். அம்சமும் தட்டினாள்.

நிஜச் சாவி மூன்று மாதம் கழித்து வந்தது. கூடவே செங்கல் கனத்தில் ஒரு சார்ஜர், ஒரு நிபந்தனைக் காகிதம். வண்டி தினமும் முப்பது கிலோமீட்டராவது ஓட வேண்டும். எவ்வளவு ஓடியது என்று வண்டியே சென்னைக்குச் சொல்லிவிடும். தொடர்ந்து பதினைந்து நாள் அவ்வளவு ஓடாவிட்டால் 'பயன்படுத்தத் தெரியாதவர்' என்று முடிவு செய்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வண்டி போனால் மாத்திரை கொடுக்கும் வேலையும் போகும். வண்டி ஓட்டத் தெரிந்த வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். சைக்கிளில் போகிறேன் என்றால், சைக்கிளை நம்பிய காலம் மலையேறிவிட்டது என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

அம்சம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது, இன்னொன்றில் ஆகவில்லை. அதனால் அவர் எதைப் பார்ப்பதென்றாலும் கழுத்தைத் திருப்பி ஒரு பக்கமாகத்தான் பார்ப்பார்.

"நல்லாருக்குல்ல ஆயி," என்றார். மகளை அவர் ஆயி என்றுதான் கூப்பிடுவார். "ராசாத்தி மாதிரி போவலாம்."

அந்த வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். வீடு நிற்பது ஆனந்தநடனர் கோயில் அன்னதானக் கட்டளைக்குச் சொந்தமான மனை என்று கட்டளை சொல்கிறது. இளையபெருமாள் தன் மனை என்கிறார். விவசாயக் கூலிகளுக்குக் குடியிருக்கும் மனை சொந்தம் என்று சட்டம் வந்த வருஷம், அவர் இருபத்தைந்து வயது இளவட்டம். மனைக்கு மனு போட்டார். மனு போட்டால் போதாது என்று மற்றவர்களோடு போய், கட்டளை நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த பண்ணையார் வாசலில் உட்கார்ந்தார். இருபத்தெட்டு நாள் திருச்சி ஜெயில். கைநாட்டு வைப்பதில்லை என்று அங்கேதான் வைராக்கியம் எடுத்து, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். வெளியே வந்ததும் கட்டளைமேல் கேஸ் போட்டார். அந்தக் கேஸ் இன்னும் நடக்கிறது. ஜட்ஜுகள் ரிட்டையர் ஆனார்கள், வக்கீல்கள் செத்தார்கள், ஆட்சி மாறி மாறி வந்தது. வாய்தா மட்டும் தவறியதில்லை.

அந்த வீட்டுக்குக் குடிசை மின் இணைப்பு. காகிதப்படி ஒரே ஒரு விளக்குக்கு அனுமதி. அந்த ஒரு விளக்கில்தான் ஒரு அரசு கொடுத்த டிவியும், அடுத்த அரசு கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் ஓடின. தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் சார்ஜரைச் சொருகப் போனால் பிளக் பெரிது, பாயின்ட் சின்னது. தெருக்கோடி எலக்ட்ரீஷியன் வந்து வயரை உரித்து முறுக்கிச் சொருகிவிட்டுப் போனான். பத்து நிமிஷம் பச்சை விளக்கு எரிந்தது. அம்சம் கைகட்டி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பத்தில் படார் என்றது. தெருவில் ஆறு வீடு இருண்டது.

சீரியலில் மருமகளுக்கு விஷம் வைக்கிற நாள் அன்றைக்கு. பக்கத்து வீட்டு ராசம்மாள் வாசலுக்கு வந்து, "யாரு வீட்டுல என்னத்தப் போட்டீங்க?" என்றாள். எல்லாரும் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். அம்சத்துக்கு அதைத் துணி போட்டு மூடிவிடலாம் போலிருந்தது.

மறுநாள் வந்த லைன்மேன் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார். "குடிசைக் கனெக்‌ஷன்ல வண்டி சார்ஜ் போட்டா மின்திருட்டும்மா. நான் பாக்கலன்னு வச்சிக்கிறேன். நீங்க ஏ.ஈ. சாரப் போயிப் பாருங்க."

ஏ.ஈ. சார் என்பது உதவிப் பொறியாளர். மரியாதையான மனிதர். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். மேஜையில் 'மின்வாகனப் புரட்சியில் நம் பிரிவு முதலிடம்' என்று கண்ணாடிக் கேடயம் இருந்தது.

"உங்க பிரச்சினை எனக்கு நல்லாப் புரியுதும்மா," என்றார். "உங்க வீட்ல ஒரு லைட்டுக்குத்தான் அனுமதி. ஆனா டிவி ஓடுது, மிக்சி ஓடுது. அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? தெரியும். டிவியும் ஒரு வகையில லைட்டுதானேன்னு மேல இருந்து வாய்மொழியா ஒரு உத்தரவு. மிக்சிக்கு ஆட்சி மாறினப்புறம் ஒண்ணு வந்துச்சு. ஸ்கூட்டர் லைட்டா இல்லையான்னு கேட்டு எழுதியிருக்கோம். பதில் வரல."

"அதுல முன்னாடி ஒரு லைட்டு இருக்குங்க சார்," என்றாள் அம்சம்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு துண்டுச் சீட்டில் குறித்தும்கொண்டார்.

"அதையும் சேத்து எழுதறேன். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு. குடிசை இணைப்பைச் சாதாரண இணைப்பா மாத்திக்கோங்க. மனை உங்களுதுன்னு ஒரு பட்டா, இல்லேன்னா மனைக்காரங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி. மறுநாளே மீட்டர்."

"பட்டாவுக்குத்தாங்க சார் அப்பா அம்பது வருஷமா கேஸ் நடத்துறாரு."

"நடத்தட்டும்மா, தப்பில்ல. முடிஞ்ச உடனே வாங்க."

ஒன்றிய அலுவலக வளாகத்தில் பொது மின்னேற்று நிலையம் ஒன்று இருந்தது. ரிப்பன் வெட்டிப் பத்து மாதமாகியும் ரிப்பனின் ஒரு முனை இன்னும் அதிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அங்கே போனால் காவலாளி, "இது காருக்குள்ளதும்மா. கார்ல வந்தா நம்மகிட்ட எந்தப் பிரச்சினையும் இல்ல," என்று மிகவும் பணிவாகச் சொன்னார்.

கடைசியில் பஸ் நிறுத்தத்துக் கலந்தர் பாய்தான் கை கொடுத்தார். பதினெட்டு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து டீக்கடை போட்டவர். "இதுக்கா இவ்ளோ யோசனை? இங்க போட்டுக்க தங்கச்சி," என்று கடைக்குப் பின்னால் ஒரு பாயின்ட்டைக் காட்டினார். ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. எட்டாம் நாள் வண்டியை எடுக்கப் போனபோது அவர் சம்சாரம் கமருன்னிஸா ஒரு டம்ளரை நீட்டினாள். மஞ்சளாக ஏதோ இருந்தது. பாயசமாக்கும் என்று அம்சம் வாங்கிக் குடித்தாள். மாம்பழ ஐஸ்கிரீம், உருகியது. அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள். கடையில் அந்த மாதிரிப் பெரிய பாயின்ட் ஒன்றுதான். அவள் சார்ஜரைப் போடுகிற நேரமெல்லாம் பாய் ஐஸ்பெட்டி வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார். கமருன்னிஸா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. அம்சம் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள், மறுபடி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இனிமேல் நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

தாகம் என்று எந்த வீட்டு வாசலில் நின்றாலும் செம்பில் தண்ணீர் வரும், யார் என்று கேட்க மாட்டார்கள். கரண்டு வேண்டும் என்று நின்றால் முதலில் மீட்டரைப் பார்க்கிறார்கள், பிறகு நம்மைப் பார்க்கிறார்கள். அதனால் அம்சம் கேட்பதை நிறுத்தினாள். மாத்திரை கொடுக்கப் போகிற வீட்டில், "வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது, ஒரு அஞ்சு நிமிஷம் சொருகிக்கவாங்க?" என்று சார்ஜரைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பிரஷர் பார்ப்பாள். ஐந்து நிமிஷத்தில் பிரஷர் பார்த்து முடிந்துவிடும். வண்டியில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது. என்ன செய்வது? இன்னொரு தடவை பார்ப்பாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சின்ன பாயின்ட் இருக்கிற வீட்டில் ஒருமுறை, பெரிய பாயின்ட் இருக்கிற வீட்டில் மூன்று முறை. எந்த வீட்டில் வாசலுக்குப் பக்கத்திலேயே வசதியாகப் பிளக் இருந்ததோ அந்த வீட்டுக்காரர்களின் ரத்த அழுத்தம் அவளுக்குத் திருப்தியே தரவில்லை. படுக்க வைத்துப் பார்த்தாள், உட்கார வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லிப் பார்த்தாள். ஐந்து ஊரிலும் எந்த வீட்டில் எந்தச் சுவரில் என்ன பாயின்ட் என்று அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று. யாருக்கு எந்த மாத்திரை என்பது கொஞ்சம் குழம்பத் தொடங்கியது.

பாயின்ட் வசதி அதிகம் இருந்தது மேலத்தெருவில். அவள் அப்பா வாலிபத்தில் அந்தத் தெருவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், ஏறக் கூடாது. அம்சமும் பல நாள் ஸ்கூட்டரை அந்தத் தெருவில் உருட்டிக்கொண்டுதான் போனாள். தடுக்க ஆள் இல்லை, வண்டியில் சார்ஜ் இல்லை.

அங்கே சாவித்திரி டீச்சர் இருந்தாள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரம்மா, தனியாள், வாசலிலேயே புத்தம்புதுப் பெரிய பாயின்ட். ஒரு திங்கட்கிழமை அம்சம் அவளுக்கு நாலு முறை பிரஷர் பார்த்தாள். வண்டியின் பச்சைக் கோடு ஏறுகிறதா என்று இரண்டு தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஏறவில்லை என்ற கவலையோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். டீச்சர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை போனால் வீடு பூட்டிக் கிடந்தது. டீச்சரைத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தெருவில் சொன்னார்கள். ஓசூரிலிருந்து மகன் ராத்திரியோடு ராத்திரியாகக் கார் எடுத்துக்கொண்டு வந்தானாம். அம்சத்துக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை.

டீச்சர் திரும்பி வந்தாள். ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்ததில் ஒரு குறையும் இல்லையாம். அம்சத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ நாலு தடவை பாத்தப்பவே உன் மூஞ்சியில கவலை தெரிஞ்சுதும்மா. வாய்விட்டுச் சொல்லாம எனக்காக அப்படித் தவிச்சியே. பெத்த பொண்ணு இருந்தாக்கூட இவ்ளோ அக்கறையாப் பாக்க மாட்டா." பிறகு வாசலைக் காட்டினாள். "வண்டியச் சொருகலியா? சொருகிக்கம்மா."

அம்சம் சொருகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். மூன்று கிலோமீட்டர். வண்டி அதையும் சென்னைக்குச் சொல்லியிருக்கும்.

மறுநாள் காலையில் கட்டளை ஆபீசுக்குப் போனாள்.

கட்டளை மேலாளர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடங்கல் பதிவேட்டைப் பிரித்தார். "ஆட்சேபணை இல்லைன்னு கடுதாசி தானே? தாராளமாக் குடுக்கலாம். உங்கப்பா நம்ம வாடகைதாரரா?"

"இல்லீங்க. மனை தன்னுதுன்னு கேஸ் போட்டிருக்காரு."

"அப்ப மனைக்காரரா?"

"கேஸ் இன்னும் முடியலீங்க."

"வாடகைதாரரும் இல்ல, மனைக்காரரும் இல்ல." மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு மனுஷன் நம்ம ரெக்கார்டுப்படி இருக்கவே முடியாதேம்மா."

"இருக்காருங்க. வாசல்ல கட்டில்ல படுத்திருக்காரு."

மேலாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் திருப்பி வைத்தார். அதில் மூன்று கட்டம் இருந்தது. உரிமையாளர், வாடகைதாரர், ஆக்கிரமிப்பாளர்.

"மூணாவதுல டிக் போட்டு உங்கப்பாவக் கையெழுத்துப் போடச் சொல்லு. எல்லாம் தானா நடக்கும். ஆக்கிரமிச்சவங்களை வரன்முறைப்படுத்தன்னு இப்ப ஒரு திட்டம் வந்திருக்கு, அதுல வாடகைதாரரா ஏத்துக்குவோம், கடுதாசி குடுப்போம், மீட்டரும் வரும். ஒழுங்கா இருந்தவங்களுக்குன்னுதான் எந்தத் திட்டமும் இல்ல. நான் என்ன பண்றது, சொல்லு."

படிவத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. மேற்படி மனையில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் இல்லை. அனுமதியின்றிப் புகுந்து குடியிருந்து வந்ததை ஒப்புக்கொள்கிறேன். நிலுவையில் உள்ள வழக்கை வாபஸ் பெறச் சம்மதிக்கிறேன். இது என் முழு மனதுடன் எழுதிக்கொடுத்தது.

அம்சம் நாலு வரியையும் இரண்டு தடவை படித்தாள். வண்டி முப்பது கிலோமீட்டர் ஓடிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாள் போனால் வேலை போகும். அப்பாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்திலிருந்து அரிசி பருப்பு வரை அந்த வேலையில்தான். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"கரண்டு மாத்தறதுக்கு ஒரு பேப்பர்ப்பா. கையெழுத்துப் போடணும்."

"படி, கேப்போம்," என்றார். எதையும் படித்துக் காட்டாமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார், பேப்பரை வாங்கி ஒரு கண்ணுக்கு நேரே கொண்டுபோனார், எழுத்து பிடிபடாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "என்னாயி போட்டிருக்கு?"

அம்சம் படித்தாள். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், எல்லாம் உள்ளபடியே. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும், "குடியிருப்பவர்," என்றாள்.

"குடியிருப்பவர்," என்று அப்பா திருப்பிச் சொன்னார். "அது சரி. அதான் கேஸ்லயும் போட்டிருக்கோம். கீழ?"

"மின் இணைப்பு மாத்தித் தரணும்னு கேட்டுக்கறேன்னு போட்டிருக்குப்பா. அவ்ளோதான்."

அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பேனாவை வாங்கி, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். அவர் கையெழுத்து என்பது முழுப் பெயர்தான். சுருக்கிப் போட அவருக்குப் பிடிக்காது. அம்சம் அதுவரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதோடு போயிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்காது. மீட்டர் வந்திருக்கும், வண்டி ஓடியிருக்கும். ஆனால் ஒரு மீட்டரைச் சும்மா கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போக இது என்ன மளிகைக்கடையா? மின் அலுவலகமும் கட்டளையும் சேர்ந்து இரண்டாம் நாளே 'இல்லந்தோறும் ஒளி' என்று சிறப்பு முகாம் அறிவித்தன. கடுதாசி மேடையில்தான் தரப்படும். பயனாளி நேரில் வர வேண்டும். அம்சம் தானே போய் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டவர்தான் வர வேண்டும், போட்டோவில் விழ வேண்டும் என்றுவிட்டார்கள்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார், தோளில் சிவப்புத் துண்டு. முகாம் திடலில் இலவச சார்ஜிங் வசதி என்று போட்டு நாலு பாயின்ட் வைத்திருந்தார்கள். பாய் கடைக்குப் பிறகு வண்டிக்கு முதல்முறையாக முழு சார்ஜ் ஏறியது.

மேடையில் கட்டளையின் தனி அலுவலர் பேசினார். நல்ல குரல்.

"பெரியோர்களே, போன வருஷம் நம் வட்டாரத்தில் எத்தனை ஆக்கிரமிப்பாளர்கள் இருந்தார்கள்? கணக்கில் ஒருவர்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற வட்டாரங்களில் ஐம்பது, அறுபது என்கிறார்கள், நம்மிடம் பூஜ்யம். அதிகாரிகளை அழைத்தேன். வீடு வீடாகப் போங்கள், ஐம்பது வருஷம் அறுபது வருஷம் குடியிருப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள், விளக்கு இல்லை, வண்டிக்குச் சார்ஜ் இல்லை என்று தவிக்கிற ஏழைகளை ஆக்கிரமிப்பாளர்களாக உயர்த்துங்கள் என்றேன். இலக்கு முப்பது. இன்று நாற்பத்தேழு பேரை ஆக்கிரமிப்பாளர்களாக்கிச் சாதனை படைத்திருக்கிறோம். இது தொடரும்."

முன்வரிசையில் கை தட்டினார்கள். தட்டியதால் பின்வரிசையும் தட்டியது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துத் தட்டினார்.

பிறகு பெயர்களை வாசித்தார்கள். ஏ.ஈ. சார்தான் வாசித்தார். ஏழாவதாக, "குருவித்தோப்பு ஆக்கிரமிப்பாளர் திரு. இளையபெருமாள் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்."

அம்சம் அவர் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனாள். காதில் விழுந்திருக்காது என்று ஒரு நம்பிக்கை. தனி அலுவலர் பொன்னாடை போர்த்தினார். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அப்பா சிரித்தார். பிறகு பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு ஏ.ஈ. சாரைப் பார்த்து, கும்பிட்டபடியே சொன்னார்.

"அய்யா, பேரோட வேற என்னவோ சேத்துப் படிச்சிட்டீங்க. ஆக்கிரமிப்பாளர் இல்லீங்க. குடியிருப்பவர்."

மைக் பக்கத்தில் இருந்ததால் திடல் முழுக்கக் கேட்டது. ஏ.ஈ. சார் காகிதத்தைப் பார்த்தார். "இல்ல பெரியவரே, இதுல ஆக்கிரமிப்பாளர்னுதான் டிக் ஆயிருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கையெழுத்து என்னுதுதாங்க. ஆனா நான் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுல்ல போட்டேன்." அப்பாவின் குரலில் கோபமில்லை, தப்பைத் திருத்துகிற பொறுமைதான் இருந்தது. "குடியிருப்பவர்னுதான் போட்டிருக்கு. என் மக படிச்சுக் காட்டுனா. பத்தாவது பாஸ் பண்ண புள்ளைங்க. தப்பாப் படிக்காது."

தனி அலுவலர் விவேகமுள்ளவர். மேடையில் வாக்குவாதம் கூடாது என்பதற்காக மைக்கையும் காகிதத்தையும் அம்சத்திடமே நீட்டினார். "நீயே படிச்சுச் சொல்லிடும்மா. அப்பாவுக்கும் தெளிவாயிடும், வந்திருக்கறவங்களுக்கும் விளங்கும்."

கீழே நாற்காலிகளில் குருவித்தோப்பே உட்கார்ந்திருந்தது. ராசம்மாள் இருந்தாள். சாவித்திரி டீச்சர் இருந்தாள். அப்பா கழுத்தைத் திருப்பி அவளை ஒரு பக்கமாகப் பார்த்தார், படி என்பதுபோல் தலையை ஆட்டினார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

அம்சத்துக்குக் காகிதத்தில் எழுத்து தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, நாலு வரியும் மனப்பாடம்.

"ஆக்கிரமிப்பாளர்," என்று படித்தாள்.

"சத்தமாம்மா," என்றார் தனி அலுவலர்.

"ஆக்கிரமிப்பாளர். மேற்படி மனையில எனக்கோ என் வாரிசுகளுக்கோ எந்த உரிமையும் இல்ல. அனுமதியில்லாமப் புகுந்து..." அதற்குமேல் குரல் வரவில்லை. வராதது யாருக்கும் குறையாகப் படவில்லை. முன்வரிசை கை தட்டியது, பின்வரிசையும் தட்டியது. ஏ.ஈ. சார் அடுத்த ஆக்கிரமிப்பாளரைக் கூப்பிட்டார்.

மேடைப் படிக்குக் கைப்பிடி இல்லை. அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை.

"சரியாவே படிச்சிருக்கலாம்ல ஆயி," என்றார். "அப்பவும் போட்டிருப்பேன். உனக்குன்னா போட மாட்டேனா?"

தோளில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது அம்சத்துக்கு.